கல்லூரிக்கான தேர்வே பள்ளிக்கும் தேர்வானால்: அமெரிக்க மாநிலங்களும் எஸ்ஏடி, ஏசிடியும்

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் எஸ்ஏடி தேர்வின் வாசிப்பு–எழுத்துப் பிரிவில் ஒரு மாணவி 500 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கனெடிகட் மாநிலத்தில் படித்தால், பதினோராம் வகுப்புக்கு உரிய தரத்தை எட்டியவள். அதே 500-ஐ 2017-க்கும் 2024-க்கும் இடையில் இலினாய் மாநிலத்தில் வாங்கியிருந்தால், எட்டாதவள். அங்கே கோடு 480-ல், இங்கே 540-ல். கேள்வித்தாளிலும் பிழையில்லை, திருத்தியதிலும் பிழையில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர், ஒரு தேர்வுக்கு இரண்டு வேலை கொடுத்திருப்பதில் இருக்கிறது. எஸ்ஏடியும் ஏசிடியும் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பிறந்தவை. 2001 முதல் பல மாநிலங்கள் அவற்றையே மேல்நிலைப் பள்ளிகளின் அரசுத் தேர்வாகவும் ஆக்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பொறியியல் சேர்க்கை நடப்பதால், பள்ளித் தேர்வு கல்லூரியின் வேலையையும் பார்ப்பது நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் நடப்பது அதற்குத் தலைகீழ். கல்லூரி வாசலில் நின்ற தேர்வு பள்ளிக்குள் வந்து, பள்ளிக்கூடத்துக்கே மதிப்பெண் போடுகிறது.

சட்டம் கேட்பது என்ன?

அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலங்களின் கையில். ஆனால் ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், கல்வி நிதி வேண்டுமென்றால் சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். 2002-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவற்றை இறுக்கியது. 2015 டிசம்பரில் கையெழுத்தான 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டம் பள்ளிகள் மீதான நடவடிக்கைகளைத் தளர்த்தியது, தேர்வுகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. மேல்நிலைப் பள்ளியைப் பொறுத்தவரை முக்கியமானவை இவை:

1. 9 முதல் 12-ஆம் வகுப்புக்குள் ஒரு முறையாவது ஆங்கிலத்திலும் கணிதத்திலும் எல்லா மாணவர்களுக்கும் தேர்வு வைக்க வேண்டும். அறிவியலுக்கு 10 முதல் 12-ஆம் வகுப்புக்குள் ஒரு முறை.

2. அந்தத் தேர்வு, மாநிலம் தானே வகுத்த கற்றல் தரநிலைகளோடு பொருந்தியிருக்க வேண்டும். அதாவது, 'எங்கள் மாணவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்' என்று மாநிலம் எழுதி வைத்திருக்கும் பட்டியலைத்தான் தேர்வு அளக்க வேண்டும்.

3. குறைந்தது 95 சதவீத மாணவர்கள் எழுத வேண்டும். பலவீனமான மாணவர்களைத் தேர்வு நாளில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் பள்ளியின் சராசரியை ஏற்றும் தந்திரத்துக்கு இது பூட்டு.

4. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் ஆங்கிலம் இன்னும் பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் தேவையான சலுகைகள் தரப்பட வேண்டும். மிகக் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றுத் தேர்வு. அதுவும் மாநிலத்தின் மொத்த மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

5. இவற்றுக்கெல்லாம் ஆதாரங்களை மாநிலம் ஃபெடரல் கல்வித்துறைக்கு அனுப்ப வேண்டும். வெளி நிபுணர் குழு அவற்றைப் பரிசீலிக்கும்.

2015 சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது. மாநிலம் சம்மதித்தால், ஒரு பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மாநிலத் தேர்வை விட்டுவிட்டு 'தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற' ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளலாம். மனதில் வைத்திருந்தது எஸ்ஏடி, ஏசிடியைத்தான். ஆனால் மாவட்டத்தின் எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் சேர்ந்துதான் மாற வேண்டும். மாற்றுத் தேர்வு மாநிலத் தேர்வுக்குக் கடினத்தில் குறையக் கூடாது. அதன் முடிவுகளை மாநிலத் தேர்வின் முடிவுகளோடு ஒப்பிட முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் கதவு பாதி மூடிக்கொள்கிறது.

எந்த மாநிலம், எப்போது?

2001-ல் கொலராடோவும் இலினாயும் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோரையும் ஏசிடி எழுத வைத்தன. 2006-ல் மெய்ன் மாநிலம் எஸ்ஏடியைத் தன் மேல்நிலைப் பள்ளித் தேர்வாக்கியது. 2007-ல் மிச்சிகன் ஏசிடியைத் தன் தேர்வுக்குள் சேர்த்தது. 2016-ல் எஸ்ஏடிக்குத் தாவியது. கனெடிகட், டெலவேர், நியூ ஹாம்ப்ஷைர் ஆகியவையும் 2016-ல் எஸ்ஏடி பக்கம் வந்தன. 2015-ல் விஸ்கான்சின் ஏசிடியை எடுத்துக்கொண்டது.

2015, 2016-ல் இத்தனை மாநிலங்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தது தற்செயல் அல்ல. 'காமன் கோர்' என்ற பொதுக் கற்றல் தரநிலைகளுக்காகப் பல மாநிலங்கள் கூடி உருவாக்கிய புதிய தேர்வுகள் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தன. அவை நீளமானவை; பதினோராம் வகுப்பு மாணவனுக்கு அவற்றால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. கல்லூரிக்கு உதவாத தேர்வை எதற்கு எழுத வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள், சில ஊர்களில் பிள்ளைகளை எழுதவே விடவில்லை. 95 சதவீத விதி பயமுறுத்தியது. காமன் கோர் தரநிலைகளை வகுத்தவர்களில் முக்கியமானவரான டேவிட் கோல்மன், 2012 முதல் எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் தலைவர். அவர் காலத்தில் மாற்றியமைக்கப்பட்ட எஸ்ஏடி 2016 மார்ச்சில் வந்தது. கடைக்காரர் சரியான நேரத்தில் சரியான சரக்கை வைத்திருந்தார்.

மாநிலத்துக்கு என்ன லாபம்?

முதல் லாபம் நேரமும் பணமும். மாணவன் எப்படியும் எழுதப்போகும் தேர்வு எதுவோ அதையே அரசுத் தேர்வாக்கினால் ஒரு தேர்வு மிச்சம். மிச்சிகனில் 2015-ல் டெண்டர் விட்டபோது காலேஜ் போர்டு மூன்றாண்டுகளுக்குக் கேட்டது 1.71 கோடி டாலர். அடுத்த நிறுவனம் கேட்டதைவிட ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் குறைவு. சொந்தமாகக் கேள்விகளை எழுதி, சோதித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவு ஒரு சிறிய மாநிலத்துக்குத் தாங்காது. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அந்தச் செலவு பரவிவிடுகிறது.

இரண்டாவது லாபம், மாணவனுக்குத் தேர்வில் அக்கறை வருகிறது. விளைவே இல்லாத தேர்வில் பதினாறு வயதுப் பையன் 'சி, சி, சி' என்று குறித்துவிட்டுத் தூங்குவான். அவன் மதிப்பெண் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது.

மூன்றாவதுதான் உண்மையிலேயே பெரியது. எஸ்ஏடியைத் தனியாக எழுத வேண்டுமானால் மாணவன் என்ன செய்ய வேண்டும்? முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் — 2024–25-ல் 68 டாலர் — கட்டண விலக்கு கிடைக்கும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும், ஒரு சனிக்கிழமை காலை வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை வேலைக்குப் போகும் மாணவனும் வீட்டில் கார் இல்லாத மாணவியும் இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியில் விடுபட்டுப்போகிறார்கள். சொந்தப் பள்ளியில், வார நாளில், இலவசமாக நடந்தால் சங்கிலியே இல்லை.

விடுபட்டவர்கள் எப்படியும் கல்லூரிக்குத் தேறியிருக்க மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். மிச்சிகனின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜோஷுவா ஹைமன் கண்டது வேறு. தானாக முன்வந்து எழுதி, கல்லூரிக்குத் தயார் என்ற மதிப்பெண்ணைப் பெற்ற ஒவ்வொரு பத்து ஏழை மாணவர்களுக்கும், அதே மதிப்பெண்ணைப் பெறக்கூடிய இன்னும் ஐந்து ஏழை மாணவர்கள் எந்தத் தேர்வையும் எழுதாமலே இருந்தார்கள். தேர்வு கட்டாயமான பிறகு நான்காண்டுக் கல்லூரியில் சேர்வோர் விகிதம் 0.6 சதவீதப் புள்ளி உயர்ந்தது. மெய்ன் மாநிலத்தை ஆராய்ந்த இன்னொரு குழு 2 முதல் 3 சதவீதப் புள்ளி உயர்வைக் கண்டது. 0.6 என்பது சின்ன எண்தான். ஆனால் ஒரு மாணவனுக்கு 50 டாலருக்கும் குறைவான செலவில் அந்த அளவு பலன் தரும் கல்வித் திட்டங்கள் அதிகம் இல்லை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது லாபம் முழுவதும் 'எல்லோரும் இலவசமாக எழுதுகிறார்கள்' என்பதால் வருவது. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளியைத் தரம் பிரிப்பதால் வருவது அல்ல.

இரண்டு வேலை, இரண்டு வகைக் கேள்வி

தேர்வுகளில் இரண்டு குலம் உண்டு. ஒன்று, மாணவர்களை வரிசையில் நிறுத்துவது: யார் முன்னே, யார் பின்னே. மற்றது, ஒரு கோட்டைப் போட்டு, யார் யார் தாண்டினார்கள் என்று பார்ப்பது. ஓட்டப்பந்தயத்துக்கும் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கும் உள்ள வேறுபாடு. கல்லூரிச் சேர்க்கைக்கு முதல் வகை வேண்டும். பள்ளி கற்றுக்கொடுத்ததா என்று பார்க்க இரண்டாவது வகை வேண்டும்.

வேறுபாடு கேள்வி தேர்ந்தெடுக்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. நேர்கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் அதை நன்றாக நடத்தி, 95 சதவீதம் பேர் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். தரநிலையை அளக்கும் தேர்வுக்கு இது நல்ல செய்தி. அந்தக் கேள்வி இருக்கட்டும். வரிசைப்படுத்தும் தேர்வுக்கோ அந்தக் கேள்வியால் பயன் இல்லை. எல்லோரும் சரியாகப் போட்டால் யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்க முடியாது. அந்த இடத்தில், பாதிப் பேர் தடுமாறும் வேறொரு கேள்வி வரும். ஆக, பள்ளிகள் மிக நன்றாகக் கற்றுக்கொடுத்த பகுதிகள்தான் தேர்விலிருந்து மெல்ல நழுவக்கூடியவை. இன்றைய எஸ்ஏடி பாடத்தோடு நெருங்கி வந்திருக்கிறது, பழைய சொல்லகராதிப் புதிர்கள் போய்விட்டன என்பதெல்லாம் உண்மை. ஆனால் 400 முதல் 1600 வரை மாணவர்களைப் பரப்பிக் காட்ட வேண்டிய கடமை மாறவில்லை.

பொருத்தம் பார்த்தல்: எண்ணிப் பார்த்தால் எங்கே இடிக்கிறது

'தேர்வு தரநிலையோடு பொருந்துகிறது' என்பதைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நார்மன் வெப் 1990-களில் வகுத்த முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் நான்கு அளவைகள்:

1. ஒவ்வொரு பாடப் பகுதிக்கும் குறைந்தது 6 கேள்விகளாவது உண்டா?

2. தரநிலை கேட்கும் சிந்தனை ஆழத்துக்குக் குறையாத கேள்விகள் பாதியாவது உண்டா? 'நினைவுகூர்' என்பது ஓர் ஆழம், 'நிறுவிக் காட்டு' என்பது வேறு ஆழம்.

3. பகுதிக்குள் இருக்கும் தனித்தனித் திறன்களில் பாதியையாவது ஏதாவது ஒரு கேள்வி தொடுகிறதா?

4. கேள்விகள் ஒன்றிரண்டு திறன்களிலேயே குவியாமல் பரவியிருக்கின்றனவா?

இதை 2024 மார்ச்சில் அமெரிக்காவில் வந்த டிஜிட்டல் எஸ்ஏடி மேல் வைத்துப் பார்ப்போம். கணிதத்தில் 44 கேள்விகள், அவற்றில் 4 மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். ஏறத்தாழ 35 சதவீதம் இயற்கணிதம், இன்னொரு 35 சதவீதம் உயர்நிலைச் சமன்பாடுகளும் சார்புகளும். தரவுப் பகுப்பாய்வுக்கு 5 முதல் 7 கேள்விகள். வடிவியல், முக்கோணவியல் இரண்டுக்கும் சேர்த்து 5 முதல் 7.

வடிவியலுக்கு முழு ஓராண்டுப் பாடம் இருக்கும் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரநிலையில் 40 வடிவியல் திறன்கள் என்று வைத்தால், மூன்றாவது அளவைப்படி 20 திறன்களைத் தொட வேண்டும். கையில் இருப்பது அதிகபட்சம் 7 கேள்விகள். ஒன்றுக்கு ஒன்று என்றாலும் 7 திறன்கள். முதல் அளவையே இழுபறி, மூன்றாவதில் நிச்சயம் தோல்வி. இரண்டாவதிலும் சிக்கல்: இரு முக்கோணங்கள் சர்வசமம் என்று படிப்படியாக நிறுவுவது பல மாநிலத் தரநிலைகளில் உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதிலோ ஒரு எண்ணை நிரப்புவதிலோ நிறுவல் எப்படி வரும்?

ஆங்கிலத்தில் இடைவெளி இன்னும் வெளிப்படை. டிஜிட்டல் எஸ்ஏடியின் வாசிப்புப் பகுதிகள் 25 முதல் 150 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி. மாநிலத் தரநிலைகளோ நீண்ட கட்டுரையில் வாதம் எப்படி வளர்கிறது, நாவலில் பாத்திரம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் கேட்கின்றன. சுயமாக எழுதும் திறனை அளக்கும் கட்டுரைக் கேள்வி 2021-ல் பொதுவான எஸ்ஏடியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பேசுதல், கேட்டல், ஆராய்ந்து எழுதுதல் எதுவும் கிடையாது. ஒரு பள்ளி இந்த மதிப்பெண்ணால் மட்டும் மதிப்பிடப்படுமானால், நாவலை விட்டுவிட்டு நூறு சொல் பத்திகளை மாணவர்களுக்குப் பழக்குவதுதான் நிர்வாகத்துக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். 2018-ல் அச்சீவ் என்ற கல்வி அமைப்பு மாநிலங்களை எச்சரித்ததும் இந்தக் கோணத்தில்தான்.

அறிவியல் தனிக் கதை. எஸ்ஏடியில் அறிவியல் பிரிவே இல்லை. ஆகவே அதைப் பயன்படுத்தும் மாநிலங்கள் தனி அறிவியல் தேர்வு வைத்தே தீர வேண்டும்.

ஒட்டுப்போட்டால் சரியாகிவிடுமா?

குறை தெரிந்தால் நிரப்பலாம். மெய்ன் அதைத்தான் செய்தது: எஸ்ஏடியின் கணிதம் மாநிலத் தரநிலையை முழுதும் தொடவில்லை என்றதும் கணிதத்துக்கு ஒரு துணைத்தாளைச் சேர்த்தது. கேட்க எளிது. செய்யப் போனால் வரிசையாகச் செலவு வருகிறது.

துணைக் கேள்விகளை மாநிலமே எழுத வேண்டும், முன்சோதனை செய்ய வேண்டும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். அவற்றுக்குத் தனி நேரம், பெரும்பாலும் தனி நாள். எஸ்ஏடி மதிப்பெண்ணையும் துணைத்தாள் மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலில் சேர்க்க ஒரு புள்ளியியல் குழு வேண்டும். இதெல்லாம் போக, துணைத்தாள் கல்லூரிக்குப் போகாது என்பது மாணவனுக்குத் தெரியும். அங்கே மறுபடி 'சி, சி, சி'. மிச்சப்படுத்திய பணமும் நேரமும் அக்கறையும் துணைத்தாளோடு திரும்பக் கைவிட்டுப் போகின்றன. ஒட்டுப்போடாவிட்டால் பொருத்தம் இல்லை, ஒட்டுப்போட்டால் லாபம் இல்லை. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய முடிச்சு இதுதான் என்பது என் கணிப்பு.

480-ம் 540-ம் எங்கிருந்து வந்தன?

இப்போது முதலில் பார்த்த மாணவியிடம் திரும்பலாம். காலேஜ் போர்டு தானே இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறது: வாசிப்பு–எழுத்தில் 480, கணிதத்தில் 530. இதன் பொருள், இந்த மதிப்பெண் வாங்கியவர் கல்லூரி முதல் பருவத்தில் அதற்குரிய பாடத்தில் 'சி' கிரேடாவது வாங்க 75 சதவீத வாய்ப்பு உண்டு. கனெடிகட் அதையே தன் கோடாக ஏற்றது. டெலவேரும் அப்படியே. இலினாய் தன் தரநிலைகளை முன்வைத்து இரண்டு பிரிவிலும் 540 என்று வைத்தது.

இரண்டு கோடுகளும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை. 480 சொல்வது எதிர்காலக் கணிப்பு: இந்த மாணவி கல்லூரியில் தேறுவாளா? 540 சொல்ல முயல்வது கடந்தகாலக் கணக்கு: பள்ளி நடத்த வேண்டியதை நடத்தி, இவள் கற்றுவிட்டாளா? செய்தித்தாளில் இரண்டும் 'தரத்தை எட்டியோர் சதவீதம்' என்ற ஒரே தலைப்பில் வரும். இரு மாநிலச் சதவீதங்களையும் அருகருகே வைத்து எந்த மாநிலப் பள்ளிகள் சிறந்தவை என்று எழுதப்படும் கட்டுரைகளைப் பக்கம் புரட்டிவிடலாம்.

ஏசிடியிலும் இதே கணிப்பு முறைதான். 1 முதல் 36 வரையிலான அளவில், அது நீண்ட காலம் வைத்திருந்த கோடுகள் ஆங்கிலத்துக்கு 18, கணிதத்துக்கு 22, வாசிப்புக்கு 22, அறிவியலுக்கு 23.

தேர்வு நாளில் எங்கே பிசகும்?

பள்ளியில் வைக்கும் டிஜிட்டல் எஸ்ஏடி 2 மணி 14 நிமிடம்: வாசிப்பு–எழுத்து 64 நிமிடம், கணிதம் 70 நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. ஒவ்வொரு பிரிவும் இரண்டு பாதி. முதல் பாதியில் எப்படிச் செய்தோமோ அதற்கேற்ப இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். மாணவர்களிடம் பலமுறை சொல்ல வேண்டியது, முதல் பாதியை அவசரமாக முடிக்காதே என்பதுதான். எளிய இரண்டாம் பாதிக்குத் தள்ளப்பட்டால் மேல்மட்ட மதிப்பெண் கைக்கு எட்டாது.

பள்ளிகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

1. கருவி. தேர்வு 'புளூபுக்' செயலியில் நடக்கிறது. எல்லா லேப்டாப்பிலும் அது முன்பே நிறுவப்பட்டுத் திறந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும் சார்ஜ் வேண்டும். பழைய கருவிகள் இங்கேதான் காலை வாரும். நடுவில் இணையம் போனால் பதற்றம் வேண்டாம், தேர்வு கருவியிலேயே தொடரும். விடைகளை அனுப்ப, முடிவில் இணைப்பு வேண்டும். அனுப்பும் முன் கருவியை மூடி வைத்துவிடக் கூடாது.

2. கூடுதல் நேரம். ஒன்றரை மடங்கு நேரம் பெற்றவருக்கு 134 நிமிடம் 201 நிமிடமாகும். அவர் முன்னாலேயே முடித்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டும். ஆகவே தனி அறை, தனிக் கண்காணிப்பாளர், தனி மதிய உணவு நேரம், சில பள்ளிகளில் பேருந்து நேரமும் மாற வேண்டும்.

3. சலுகைகளுக்கான ஒப்புதல். இது எல்லாவற்றிலும் வலி மிகுந்தது. மாநிலத் தேர்வில் தரப்படும் எல்லாச் சலுகைகளையும் தேர்வு நிறுவனம் ஏற்றாக வேண்டியதில்லை. நிறுவனம் ஏற்காத சலுகையோடு எழுதினால் அந்த மதிப்பெண் மாநிலக் கணக்குக்குச் செல்லும், கல்லூரிக்கு அனுப்ப முடியாது. பக்கத்து மேசை மாணவன் வாங்கும் கல்லூரி மதிப்பெண், தனிக் கவனம் தேவைப்படும் மாணவிக்கு மட்டும் இல்லாமல் போகும். சமவாய்ப்புக்காக வந்த திட்டத்தில் இது நேரடிப் பாகுபாடு. 2017-ல் இரு நிறுவனங்களும் விதிகளைத் தளர்த்தின: மாற்றுத்திறனாளி மாணவருக்கெனப் பள்ளி வகுக்கும் தனிக் கல்வித் திட்டத்தில் உள்ள பெரும்பாலான சலுகைகளைக் காலேஜ் போர்டு கூடுதல் ஆவணம் கேட்காமல் ஏற்கத் தொடங்கியது, ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் இருமொழிச் சொற்பட்டியலும் தந்து, கல்லூரிக்குச் செல்லும் மதிப்பெண்ணையே ஏசிடி தர முன்வந்தது. ஆனாலும் விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே பள்ளி ஒருங்கிணைப்பாளர் போட்டிருக்க வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி 'கூடுதல் நேரம் உண்டா?' என்பது மட்டுமல்ல. 'இந்தச் சலுகையோடு எழுதினால் மதிப்பெண் கல்லூரிக்குப் போகுமா?' என்பதும்.

4. தனிப்பட்ட விவரங்கள். தேர்வை ஒட்டி மதிப்பெண் சராசரி, மதம், பெற்றோர் படிப்பு என்று விருப்பக் கேள்விகள் வருவதுண்டு. கட்டாயத் தேர்வு நடக்கும் அறையில் வருவதால் அவையும் கட்டாயம் என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். பள்ளி நாள் தேர்வுகளில் திரட்டிய மாணவர் விவரங்களைக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்ததற்காக நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞருடன் 2024 பிப்ரவரியில் காலேஜ் போர்டு 7,50,000 டாலர் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பக்கத்தை நிரப்பாமல் கடக்கலாம்.

சராசரி விழுந்தது என்றால்?

எல்லோரும் எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் மாநிலச் சராசரி சரியும். விஸ்கான்சினில் 2015-ல் 22.2 ஆக இருந்த ஏசிடி சராசரி, அரசுத் தேர்வாக எழுதிய முதல் அணி முடித்த 2016-ல் 20.5 ஆனது. பள்ளிகள் ஓராண்டில் கெட்டுப்போகவில்லை. முன்பு எழுதாதவர்கள் இப்போது எழுதினார்கள். எனவே மாநிலச் சராசரியைப் பார்க்கும் முன், எத்தனை சதவீதம் பேர் எழுதினார்கள் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். விரும்பியவர் மட்டும் எழுதும் மாநிலத்தின் சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

தேர்வு வேறொருவர் கையில்

மாநிலத்தின் சொந்தத் தேர்வை எப்போது மாற்றுவது என்பதை மாநிலம் முடிவுசெய்யும். வாங்கிய தேர்வை நிறுவனம் முடிவுசெய்யும். ஏசிடி 2025-ல் தன் வடிவத்தை மாற்றியது: 215 கேள்விகள் அறிவியல் நீங்கலாக 131 ஆகச் சுருங்கின, 175 நிமிடம் 125 ஆனது, அறிவியல் விருப்பப் பிரிவாயிற்று, மொத்த மதிப்பெண்ணில் அது சேர்வதில்லை. பள்ளிகளில் வைக்கும் ஏசிடிக்கு இந்த மாற்றம் 2026 வசந்தத்துக்கு என அறிவிக்கப்பட்டது. தேர்வு மாறினால், பொருத்தத்தையும் கோடுகளையும் மாநிலம் புதிதாக நிறுவ வேண்டும்.

டெண்டர் முடிந்து நிறுவனமே மாறினால் இன்னும் சிக்கல். இலினாய் 2001-ல் ஏசிடியில் தொடங்கி, 2017-ல் எஸ்ஏடிக்குப் போய், 2025-ல் ஏசிடிக்கே திரும்பியது. இரு தேர்வுகளுக்கும் இணை மதிப்பெண் அட்டவணை உண்டு. ஏசிடியில் 20 என்பது எஸ்ஏடியில் சுமார் 1030 முதல் 1050 வரை. ஆனால் அந்த அட்டவணை மீட்டரை அடியாக மாற்றுவது போன்றதல்ல. இரண்டு வேறு பொருள்களை அளக்கும் தேர்வுகளில் ஒரே இடத்தில் நிற்பவர்களைச் சேர்த்துக் காட்டுகிறது, அவ்வளவே. ஒரு பள்ளி 2024-ஐவிட 2025-ல் முன்னேறியதா என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை எடுக்க முடியாது.

இரண்டையும் பிரித்து வைத்தவர்கள்

ஒஹாயோவில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு எஸ்ஏடி அல்லது ஏசிடி இலவசம். மாவட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஃபெடரல் சட்டத்துக்கான ஆங்கில, கணிதக் கணக்கை அந்தந்தப் பாடம் முடிந்தவுடன் வைக்கும் மாநிலத் தேர்வுகள் பார்த்துக்கொள்கின்றன. வட கரோலினாவும் பதினோராம் வகுப்பில் எல்லோருக்கும் ஏசிடி வைக்கிறது; தரநிலையை அளப்பது பாட இறுதித் தேர்வுகள். கணிதம் நடத்திய ஆசிரியரின் பாடம் அந்த ஆண்டின் முடிவிலேயே அளக்கப்படுகிறது, இரண்டாண்டு கழித்து ஒரு கல்லூரித் தேர்வில் 7 கேள்விகளாக வந்து நிற்பதில்லை. மாணவர்களுக்குத் தேர்வு எண்ணிக்கை கூடுகிறது, மாநிலத்துக்குச் செலவு கூடுகிறது. மிச்சிகனில் வெளிப்பட்ட அந்த 'இன்னும் ஐந்து பேர்' இந்த வழியிலும் வெளிப்படுவார்கள். அவர்கள் பள்ளியின் வடிவியல் ஆசிரியருக்கும் தன் பாடத்தை முழுதாக நடத்த ஒரு காரணம் மிஞ்சும்.